கோணல் கட்டைக்குப் போர்த்திய துணி

முன்னொரு காலத்தில், கூப்பிட்டால் மரமும் ஏனென்று கேட்ட காலத்தில், பூவாயி என்றொரு நெசவுக்காரி இருந்தாள். கைராசிக்காரி. அவளுக்கு வாய்த்த புருஷன் சடையனுக்கோ வாய் சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் குறை. ஒருநாள் வழியில் போன மந்திரவாதியின் அங்கியைப் பார்த்து, "இதென்ன, சாக்கா?" என்று கேட்டுத் தொலைத்தான். மந்திரவாதி கோலை ஆட்டினான். சடையன் நின்ற இடத்தில் மூன்று கிளையோடு ஒரு கோணல் கட்டை கிடந்தது.

"உளி படாமல், ஆணி அடிக்காமல், சுருக்கம் விழாமல் இதற்குத் துணி போர்த்து. மூன்றாம் நாள் சூரியன் மறையும்போது துணி இதன்மேல் இருந்தால் இவன் உன் புருஷன். இல்லாவிட்டால் என் அடுப்புக்கு விறகு" என்றான், ஓடிவந்த பூவாயியிடம்.

பூவாயி தலையில் அடித்துக்கொண்டு தறியில் உட்கார்ந்தாள்.

முதல் நாள் கரை நேராக நெய்து போர்த்தினாள். "அக்குள்ல இழுக்குது" என்றது கட்டை. ஆமாம், மரமான பிறகும் அந்த வாய் மட்டும் மூடவில்லை! சுருக்கமும் விழுந்தது. மறுநாள் அகலமாக நெய்தாள்.

"தொளதொளன்னு இருக்கு புள்ள."

"விறகாப் போற நேரத்துலயும் நொட்டைதானா? உன்னோட மாரடிக்க என்னால ஆகாதுய்யா!"

மூன்றாம் நாள் எரிச்சல் தாங்காமல், நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தறியிலிருந்து உருவி, கட்டையின் கிளைகளிலேயே இழுத்துக் கட்டினாள். "இனி நீயே தறி!" குறுக்கே ஓடும் ஊடை நூலை விரலாலேயே கோத்தாள். கிளை வளைந்த இடத்தில் துணியும் வளைந்தது. கணு புடைத்த இடத்தில் துணியும் புடைத்தது. ஒரு சுருக்கம் இல்லை. கட்டை கப்சிப்.

பொழுது சாயுமுன் மந்திரவாதி வந்தான். "பலே! நெய்து முடித்தால் தறியிலிருந்து அறுத்தெடுப்பதுதானே உங்கள் வழக்கம்? அறு, பார்க்கலாம்."

பழகிய கை கத்தரியை எடுத்துவிட்டது. அது நூலைத் தொட்டபோதுதான் அவளுக்குச் சூது உறைத்தது: அறுத்தால் துணி கட்டையை விட்டுக் கழன்று விழுந்துவிடும்!

"மூணு நாளாச் சோறு தண்ணியில்லாம நெய்திருக்கேன். அறுக்க மாட்டேன், போய்யா!"

கத்தரியை வீசி எறிந்தாள். சூரியன் மறைந்தது. மந்திரக்கோல் மூன்றாக முறிந்தது. ஓடிய மந்திரவாதி ஓடியவன்தான்.

துணியைப் போர்த்தியபடி சடையன் எழுந்து நின்றான். முன்னும் பின்னும் பார்த்தான். வாயைத் திறந்தான். பூவாயி காதைப் பொத்தப் போனாள்.

"அளவு சரியா இருக்கு, பூவாயி."

கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவன் குறை சொல்லாதது இதுதான் முதல்முறை. அவள் ஓவென்று அழுதுவிட்டாள். அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள், அவனும் அளவாகப் பேசினான்.