மயில் பாறையில் பூட்டிய மருந்து

ஓர் ஈரக்காட்டில் முள்ளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அந்தக் காட்டில் மழைக்காலம் என்றாலே விலங்குகளுக்குப் பயம். சேற்றில் நடந்து நடந்து கால் புண்ணாகும். புண் அழுகும். அழுகல் மெல்ல மேலே ஏறும். ஒவ்வொரு மழைக்கும் மான்களும் காட்டுப்பன்றிகளும் படுத்த இடத்திலேயே செத்துப்போயின.

முள்ளியின் தங்கையும் அப்படித்தான் போனாள். அன்றிலிருந்து முள்ளிக்கு ஒரே நினைப்புதான். 'இத்தனை வேர்களைத் தோண்டித் தின்கிறோம். இதில் ஒன்றுகூடவா இந்தப் புண்ணை ஆற்றாது?'

வேர் வேராகத் தோண்டினாள். முகர்ந்தாள். மென்று பார்த்தாள். ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே! இரை தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். மருந்து தேடிய நாட்களில் பட்டினி கிடந்தாள். முள்ளும் தோலுமாக மெலிந்துபோனாள்.

ஒருநாள் மூங்கில் தின்ன வந்த பெண் யானை அவளைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னடி இது? தோண்டுகிறாய், முகர்கிறாய், தூக்கி எறிகிறாய். தின்ன மாட்டாயா?"

முள்ளி தங்கையைப் பற்றிச் சொன்னாள். வேர்களைப் பற்றிச் சொன்னாள். யானை கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சரி. இனி நீ இரை தேடி அலைய வேண்டாம். உன் வளை வாசலில் நான் கொண்டுவந்து போடுகிறேன். நீ மருந்தைத் தேடு."

"அதற்கு நான் உனக்கு என்ன தர வேண்டும், அக்கா?"

"எனக்கு ஒன்றும் வேண்டாம். கண்டுபிடித்ததும் ஓடைக்கரையில் நின்று எல்லாருக்கும் சொல்லிவிடு. அவ்வளவுதான்."

சொன்னபடியே யானை செய்தாள். விளாம்பழம் வந்தது, பலாச்சுளை வந்தது, மூங்கில் குருத்து வந்தது. கோடையில் தனக்கே தீனி குறைந்தபோதும் முள்ளியின் வாசல் காலியாக இருக்கவில்லை. முள்ளி தன் முள்ளாலேயே தன் காலைக் கீறி, சேற்றில் அழுகவிட்டு, ஒவ்வொரு வேராகப் பூசிப் பார்த்தாள். சில வேர்கள் எரித்தன. சில வேர்கள் புண்ணை இன்னும் பெரிதாக்கின. அவள் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள்.

அடுத்த கோடையில் யானைக்கூட்டம் தண்ணீர் தேடி மலைக்கு அப்பால் போனது. அந்த யானையும் போக வேண்டியிருந்தது. போகும் முன் வளை வாசலில் பழங்களைக் குவித்துவிட்டுப் போனாள்.

அந்தப் பழங்கள் தீருமுன்பே முள்ளி மருந்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பாறை இடுக்கில் படரும் ஒரு சிவப்புக் கொடியின் வேர்தான் அது. பச்சையாகப் பூசினால் புண் வெந்துபோகும். ஒரு பகல் முழுக்க ஓடும் தண்ணீரில் ஊற வைத்து, மென்று பூசினால் அழுகல் நின்றுவிடும். அவள் காலே ஆறிவிட்டது.

முள்ளி ஓடைக்கரைக்குப் புறப்பட்டாள். வழியில் மயில் மறித்து, எங்கே போகிறாய் என்று கேட்டது. மருந்து கிடைத்ததை எல்லாருக்கும் சொல்லப் போகிறேன் என்றாள் முள்ளி.

அந்தக் காட்டில் மயிலின் பாறைக்குத் தனி மதிப்பு. உயரமான வழுக்குப் பாறை. அதன் உச்சியில் மயில் அறிவித்தால்தான் எதுவும் உண்மை என்று பெரிய விலங்குகள் ஒப்புக்கொள்ளும்.

"ஓடைக்கரையில் கண்டவரும் கத்துகிறார்கள்" என்றது மயில். "தவளையின் சத்தத்தோடு உன் சத்தமும் கலந்துபோகும். என் பாறையில் சொன்னால் உன் பெயர் காடு முழுக்கப் பரவும்."

முள்ளியை அதுவரை யாரும் மதித்ததில்லை. வேர் பொறுக்கி என்றுதான் கேலி செய்வார்கள். அவள் மனம் குளிர்ந்துபோனது.

"நான் என்ன செய்ய வேண்டும்?"

"மருந்தை என்னிடம் மட்டும் சொல். வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய். கேட்க வருகிறவர்கள் பாறையேறி வரட்டும். ஆளுக்கு ஒரு குலை மூங்கில் அரிசி கொண்டுவரட்டும். பாறையைப் பராமரிக்க வேண்டாமா?"

'பாறையேறி வந்தால் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கத்தானே போகிறது' என்று முள்ளி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சத்தியம் செய்தாள். அன்று மயில் தோகை விரித்து அவள் பெயரை அறிவித்தது. புலிகூடத் திரும்பிப் பார்த்தது.

மழை வந்தது. மூங்கில் அரிசி சேர்த்து வைத்திருந்த சிலர் பாறை ஏறி மருந்தைத் தெரிந்துகொண்டார்கள். அவர்களிடமும் மயில் சத்தியம் வாங்கிக்கொண்டது. மற்றவர்கள் கீழே நின்று நொண்டினார்கள்.

ஒரு மாலை, நனைந்துபோன புள்ளிமான் ஒன்று முள்ளியின் வளைக்கு ஓடி வந்தது.

"ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்குக் கால் அழுகுகிறது. மருந்து உனக்குத் தெரியுமாமே. சொல்லேன்."

கொடியின் பெயர் முள்ளியின் வாய் வரை வந்தது. சத்தியம் நினைவுக்கு வந்தது. பாறையில் ஒலித்த தன் பெயரும் நினைவுக்கு வந்தது.

"மயிலிடம் போய்க் கேள்" என்றாள். "முறை அதுதான்."

மான் பாறைக்கு ஓடியது. ஈரப் பாறையில் பாதி ஏறி வழுக்கி விழுந்தது. அதனிடம் மூங்கில் அரிசியும் இல்லை. மயில் கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சில நாட்கள் கழித்து ஆற்றுக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டன. முள்ளிக்கு மனம் கேட்கவில்லை. ஆற்றைக் கடந்து போய்ப் பார்த்தாள். அங்கே பெண் யானை படுத்துக் கிடந்தாள். கால் தொடை வரை கறுத்திருந்தது. பக்கத்தில் அதே மான்.

"நீ யாருக்கு என்று சொல்லவில்லையே" என்றாள் முள்ளி.

"யாருக்கு என்று தெரிந்தால்தான் சொல்வாயோ?" என்றது மான்.

பேச்சுக் குரல் கேட்டு யானை கண்ணைத் திறந்தாள்.

"முள்ளியா? உன்னைப் பார்க்கத்தான் மலையிலிருந்து இறங்கி வந்தேன். கால் விடவில்லை. மருந்து கிடைத்ததா?"

"கிடைத்துவிட்டது, அக்கா."

"எல்லாருக்கும் சொல்லிவிட்டாயா?"

மான் முள்ளியின் முகத்தைப் பார்த்தது.

"சொல்லிவிட்டேன்" என்றாள் முள்ளி.

யானையின் முகம் தெளிந்தது. "நல்லது. அப்படியானால் எனக்கு வந்தது வேறு ஏதோ நோய் போலிருக்கிறது. அந்த நோயாக இருந்தால் மருந்து இதற்குள் என்னிடம் வந்து சேர்ந்திருக்குமே."

முள்ளி பாறை இடுக்குகளுக்கு ஓடினாள். வேரைப் பறித்து ஆற்றில் போட்டுக் காவலிருந்தாள். வேர் ஊறுவதற்கு ஒரு பகல் ஆனது. மென்று குழைத்துக்கொண்டு வந்தபோது யானையின் காதுகள் அசையவில்லை.

முள்ளி ஓடைக்கரைக்குப் போனாள். தண்ணீர் குடிக்க வந்த அத்தனை பேரிடமும் சிவப்புக் கொடியைப் பற்றிச் சொன்னாள். தொண்டை கட்டும் வரை சொன்னாள். முயலுக்குச் சொன்னாள், பன்றிக்குச் சொன்னாள், கேலி செய்தவர்களுக்கும் சொன்னாள்.

மயில் பறந்து வந்தது. "சத்தியத்தை மீறிவிட்டாய். இனி உன் பெயர் என் பாறையில் ஒலிக்காது."

"வேண்டாம்" என்றாள் முள்ளி.

அந்த மழையில் அதற்குப் பிறகு காட்டில் யாரும் காலழுகிச் சாகவில்லை. "நல்ல வேளை, இப்போதாவது சொன்னாயே" என்று பலரும் முள்ளியிடம் வந்து சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லாருக்கும் போய்ச் சேரட்டும் என்று ஒருவர் மனமுவந்து கொடுத்து வளர்த்த அறிவைப் பெருமைக்காகப் பூட்டி வைத்தால், அது கொடுத்தவருக்கே கிடைக்காமல் போய்விடும்.