பூசணி நறுக்கும் முன்னாள் தலைவர்

இருபது வருடம் கழித்து சேந்தன் தன் குருகுலத்துக்குள் நுழைந்தான். அதே வேப்பமரம். கிணற்றுக் கப்பிக்கும் அதே கிரீச். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் ஆசிரியரின் இருக்கைக்குப் போய்விடுவான்.

போனான். இருக்கையில் சாத்தன் உட்கார்ந்திருந்தான். ஒரு காலத்தில் இவனோடு சேர்ந்து வெல்லம் திருடியவன்.

“போன தை மாதத்திலிருந்து நான்தான் தலைவன். சிரிக்காதே,” என்றான் சாத்தன். “ஐயா சமையல்கட்டில் இருக்கிறார்.”

ஆசிரியர் மாறனார் அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். “வா, சேந்தா. நரைத்துவிட்டாயே!”

அந்தக் குரல் மட்டும் மாறவில்லை.

சட்டம் எழுதுவதில் பெயர் பெற்றவன் அவன். ஆட்சியைத் திருத்தித் தரச் சொல்லி இரண்டு நாடுகள் அழைத்திருந்தன. ஒன்றில் மன்னர் வைத்ததே சட்டம். மற்றதில் ஐந்து தளபதிகள் வைத்தது. திருந்தாத இடத்தில் போய்க் கைவைத்தால் தலை போய்விடும். எங்கே போவது என்று ஐயாவிடம் கேட்கத்தான் வந்திருந்தான்.

“மன்னரிடம் போகலாம் என்றிருக்கிறேன், ஐயா. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று என் கையைப் பிடித்து அழுதார். பட்டில் சுற்றி ஓலை கொடுத்தார். தளபதிகள் முரடர்கள். நான் எழுதிய சட்டத்தைப் பார்த்து, ‘இது என்ன, சலவைத் துணிக் கணக்கா?’ என்றார்கள்.”

மாறனார் சிரித்தார். “மன்னருக்கு உயிரோடு இருக்கும் முன்னாள் அமைச்சர் யாராவது உண்டா?”

“கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்கள்.”

“அதற்கும் முன்னால் இருந்தவர்?”

“அவருக்குச் சிலை இருக்கிறது.”

“தளபதிகள் நாட்டில்?”

“முன்னாள் தளபதி ஒருவர் சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டார். தன் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாம். இப்போது இருப்பவன் மடையனாம். நாள் முழுக்கப் புலம்பல். வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.”

“வீட்டுக்குப் போனாரா?”

“ஆமாம். அப்படியானால் மன்னர் அழுதது பொய்யா, ஐயா?”

“நிஜமாகத்தான் அழுதிருப்பார். பதவியிலிருந்து இறங்கினால் அந்த நாட்டில் அவர் எங்கே போய் நிற்பார்?”

சாத்தன் எட்டிப் பார்த்தான். “ஐயா, பூசணிப் பத்தை பெரிதாக இருக்கிறது. நேற்றே சொன்னேனே.”

“சரி, தலைவரே.”

சேந்தனுக்குச் சுருக்கென்றது. இந்த மனிதர் இருமினால் ஒரு காலத்தில் குருகுலமே நடுங்கும். சாத்தனைத் திட்ட வாயெடுத்தான். மாறனாரின் முகத்தைப் பார்த்தான். அதில் வருத்தம் துளியும் இல்லை. மறுபடி பூசணிக்காயைப் பார்த்தான்.

இடுப்பிலிருந்து மன்னரின் பட்டு ஓலையை எடுத்தான். அடுப்புக்குள் வைத்தான். பிறகு அரிவாள்மணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“சின்னதாக நறுக்கு,” என்றார் மாறனார். “அவன் மறுபடி வந்து பார்ப்பான்.”