கடைசி ஏற்றத்துக்கு ஒரு பிடி மாவு

“எல்லாம் அமைஞ்சிருச்சுங்க சாமி. மாவு மட்டும் அமைய மாட்டேங்குது,” என்றார் சென்னியப்பன்.

ஆட்டுச்சாமி தன் ஆட்டின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

உறங்கிமலை அடிவாரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் சாமியும் ஒரு கறுப்பு வெள்ளாடும். சாமிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது, சென்னியப்பனுக்கு அறுபது கடந்துவிட்டது. இருந்தாலும் மலையேறுகிறவர்கள் சாமியிடம் மூட்டையைக் காட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். கூப்பிட்டால் கூடவே வருவார். கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ள மாட்டார். கொடுத்தால் சாப்பிடுவார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார்.

அந்த மலை தூங்குகிறது என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்வார்கள். மூடுபனி அது விடுகிற மூச்சாம். அதனால் ஏற ஏற எல்லோரும் குரலைத் தணித்துக்கொள்வார்கள். கொஞ்ச தூரம் போனால் நடக்கிறவனுக்கும் பாதித் தூக்கம் வந்துவிடும். கால் தன்பாட்டுக்கு நடக்கும்.

சென்னியப்பன் சாக்கை விரித்து, பெண்ணுக்குச் சீர் வைக்கிற மாதிரி எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினார். மழைக்குத் தார்ப்பாய். குளிருக்கு ஸ்வெட்டர், குல்லா. தலையில் மாட்டுகிற டார்ச், அதற்கு மாற்று பேட்டரி. அட்டைப்பூச்சிக்கு உப்பும் புகையிலைத் தூளும். பூண் போட்ட மூங்கில் தடி. விளக்கு, திரி, எண்ணெய்.

சாமி பார்த்தார். “குறை ஒண்ணும் இல்லைங்க.”

இதில் சென்னியப்பனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மனுஷர் பம்ப்செட் கடை வைத்து நடத்தியவர். எதை எதோடு முடுக்கினால் கழலாது என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் தீனிப் பையை அவர் தன் வாழ்நாளில் கட்டியதில்லை. அது மயிலாத்தாள் வேலை. மலைக்குப் போவதென்றால் சுமை அவருடையது, சோறு அவளுடையது. கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான்.

மயிலாத்தாள் போன ஐப்பசியில் இறந்துபோனாள்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்து பிழைத்தாள். அப்போது மயிலாத்தாள் நேர்ந்துகொண்டாள், சித்திரைக்குச் சித்திரை உறங்கிமலை உச்சியில் ஒரு விளக்கு ஏற்றுவதாக. ஒரு வருஷமும் தவறவில்லை. இந்த வருஷம் அதை ஏற்ற வேண்டியவர் சென்னியப்பன். இரண்டு தடவை ஏறினார். இரண்டு தடவையும் மூச்சுப்பாறையில் கால் மடங்கித் திரும்பிவிட்டார். அங்கிருந்து உச்சி கூப்பிடு தூரம்தான். இனி மழை இறங்கிவிட்டால் பாதையை அடைத்துவிடுவார்கள்.

“முதல் தடவை பேரீச்சம்பழமும் ரொட்டியும் கொண்டு போனனுங்க. ரெண்டாந்தடவை மாப்பிள்ளை சாக்லேட்டு மாதிரி ஒண்ணு வாங்கியாந்தாரு. இதைத் தின்னா குதிரையாட்டம் ஓடலாம்னாரு. பல்லுல ஒட்டிக்கிட்டதுதானுங்க மிச்சம்.”

சாமி சிரித்தார்.

“அப்பறம்தானுங்க யோசனை வந்துச்சு. மூச்சுப்பாறைகிட்டப் போனதும் அவ என்னைய உட்கார வெச்சு ஒரு பிடி மாவு குடுப்பா. அதை வாயில போட்டா உச்சி வரைக்கும் கால் இருக்கறதே தெரியாதுங்க.”

“என்ன மாவுங்க?”

“பொட்டுக்கடலை, நாட்டுச்சர்க்கரை, ரெண்டு ஏலக்காய். அவ்வளவுதான்னு மக சொல்றா. அப்படியே அரைச்சனுங்க. வரலை. கடலையை இன்னும் கொஞ்சம் வறுத்துப் பார்த்தேன். தினை சேர்த்துப் பார்த்தேன். அந்த ருசி வரவே மாட்டேங்குது.”

தகர டப்பாவைத் திறந்து நீட்டினார். சாமி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். இன்னொரு சிட்டிகையை ஆட்டுக்கு நீட்டினார். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“ஆடுகூடத் தொட மாட்டேங்குது பாருங்க.” சென்னியப்பன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மாவு நல்லாத்தான் இருக்குதுங்க,” என்றார் சாமி. “இதைத் தின்னுபோட்டு நீங்க நடந்தீங்க. சரி. அவங்க என்னத்தைத் தின்னுபோட்டு நடந்தாங்க?”

சென்னியப்பன் டப்பாவைச் சாக்கில் வைத்தார்.

“கவனிக்கலீங்க சாமி. திங்கறப்ப நான் கண்ணை மூடிக்குவனுங்க.”

சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வாங்க, போலாம்.”

ஏறினார்கள். ஆடும் கூட வந்தது.

மூங்கில் காடு தாண்டியதும் பனி இறங்கியது. முதலில் மரங்களின் தலை போயிற்று, பிறகு அடிமரம் போயிற்று. கடைசியில் சாமியின் துண்டும் ஆட்டின் கழுத்து மணியும் மட்டும் மிஞ்சின. சென்னியப்பனுக்கு இமை கனத்தது. நடக்கிறாரா, நடப்பதாகக் கனவு காண்கிறாரா என்று அவருக்கே சரியாகப் பிடிபடவில்லை.

“வெல்லக் கட்டி எதாச்சும் மடியில வெச்சிருப்பாளுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தடியை ஊனி வையுங்க,” என்றார் சாமி.

இன்னும் கொஞ்ச தூரம்.

“காட்டு நெல்லி பொறுக்குவாளுங்க. அதா இருக்குமோ?”

“இந்த இடம் வழுக்குமுங்க.”

சுனையோரம், மகள் கட்டிக் கொடுத்த கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாமியும் அவருமாகச் சாப்பிட்டு முடித்தார்கள். சென்னியப்பன் பாறையில் முதுகைச் சாய்த்தார். கண் சொருகியது. முன்னால் பனிக்குள் மயிலாத்தாள் போய்க்கொண்டிருந்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. ‘ஏனம்மிணி, நீ என்னத்தைத் தின்னே?’ என்று கேட்டார். அவள் திரும்பி, இது ஒரு கேள்வியா என்பது மாதிரிச் சிரித்தாள். பனி மூடிக்கொண்டது. அவள் கழுத்தில் மணி கிணுகிணுத்தது.

விழித்துப் பார்த்தால், மணி ஆட்டினுடையது. அதன் தலை மாவு டப்பாவுக்குள் இருந்தது.

அடிவாரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே ஆடுதான். சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கத்த வழியில்லை, மலை தூங்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவைப் பிடுங்கினார். அடியில் ஒரு பிடி தேறியது. அதைத் தன் துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.

“ஒரு பிடி போதுமுங்க,” என்றார், சாமிக்குச் சொல்வது போலத் தனக்கே.

மூச்சுப்பாறைக்கு வந்தபோது கால்கள் நடுங்கின. போன இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. சென்னியப்பன் பாறையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார்.

அந்த நேரம் பார்த்துச் சாமியும் தொப்பென்று உட்கார்ந்தார். பாறையில் தலையைச் சாய்த்தார். உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை. அது நிஜமா நடிப்பா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆளைப் பற்றி யாராலும் அப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

“என்னாச்சுங்க சாமி?”

“ஒண்ணுமில்லைங்க. கண்ணு இருட்டுது.”

சாமி மாவைக் கேட்கவில்லை. பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் கையிலிருந்த மாவைப் பார்த்தார். தின்றால் உச்சிக்குப் போய்விடலாம். தின்னாவிட்டால் மூன்றாம் தடவையும் இங்கேதான் மடங்க வேண்டும். அவள் விளக்கு இந்த வருஷம் எரியாது. அவள் இருந்தவரை தவறாதது, அவள் போன முதல் வருஷமே தன் கையில் தவறிப்போகும். ஒன்றுமே கொண்டுவராமல் மலையேறுகிற ஒரு மனுஷன்மேல் கோபம்கூட வந்தது.

கோபத்தோடு கோபமாகக் கை நீண்டுவிட்டது.

“கையைக் காட்டுங்க.”

சாமி உள்ளங்கையைக் காட்டினார். சென்னியப்பன் துண்டிலிருந்து ஒரு பொட்டு சிந்தாமல் அவ்வளவையும் தட்டினார்.

சாமி கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றார். உதட்டோரம் மாவு ஒட்டியிருந்தது. மென்று விழுங்கினார். மறுபடி மென்றார். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ரத்தம் ஏறியது.

சென்னியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மனுஷன் சாப்பிடுவதை இத்தனை பக்கத்தில், இத்தனை நேரம் அவர் பார்த்ததே இல்லை. பார்க்கப் பார்க்க அடிவயிற்றில் இளஞ்சூடாக ஏதோ இறங்கியது. ஐப்பசியிலிருந்து அவர் உடம்பு காணாத ஒரு நிறைவு அது. கால் நடுக்கம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

சாமி கண்ணைத் திறந்தார்.

“உங்களுக்குங்க?”

“எனக்கு ஆச்சுங்க,” என்றார் சென்னியப்பன்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வருஷா வருஷம் இதே பாறையில் கண்ணைத் திறந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ‘உனக்கு?’ என்று அவர் கேட்பார். மயிலாத்தாள் சொல்வது இதுதான். இதே குரலில்தான்.

அழுகை வந்தது. மலை தூங்குவதால் சத்தமில்லாமல் அழுதார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உச்சியைப் பார்த்து முன்னால் நடந்தார். சாமி பின்னால் போனார்.