கார்டு போட்ட குளம்

வெள்ளைக்காரர்கள் குதிரையேறி நம் பக்கம் வந்துபோன அந்தக் காலத்தில், கரிசல்கோட்டையை ரங்கமல்லு என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். புதிதாக எதைக் கண்டாலும் அதன் பின்னால் ஓடுவதுதான் அவருக்கு வேலை.

விருந்துக்கு வந்த ஒரு துரை, வாசல் சிப்பாயைக் காட்டி "கார்டு" என்றான். காவல், பாதுகாப்பு என்று அர்த்தமாம். ராஜாவுக்கு அந்தச் சொல்மேல் ஒரே மோகம். "நாமும் எதற்காவது கார்டு போட வேண்டுமே" என்றார்.

மந்திரி அழகியநம்பியைக் கண்டாலே வயிறெரியும் தளவாய் பூபதிராயர் முந்திக்கொண்டார். "நல்லதண்ணீர்க் குளத்துக்குப் போடுவோம், மகாராஜா. ஈ காக்கைகூட நெருங்கக் கூடாது. அதுதான் கார்டு."

"கோடையில் ஊருக்கு இருப்பது அந்த ஒரு குளம்தான்" என்றார் மந்திரி.

"பாவம், மந்திரிக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றார் தளவாய். சபை சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டிலெல்லாம் கிணறு இருந்தது.

குளத்தைச் சுற்றி ஈட்டிகள் நின்றன. ஊர் உப்புத் தண்ணீரைக் குடித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. காய்ச்சலில் கிடந்த மகளுக்காகத் தண்ணீர் கேட்டுப் போன இருளாயியின் குடத்தை ஒரு சிப்பாய் உடைத்தான். எவ்வளவு கொழுப்பு பாருங்கள். அவள் நேரே மந்திரி வீட்டுக்கு வந்தாள்.

"கொளத்த யாரு சாமி தூக்கிட்டுப் போயிருவா? எம் புள்ள நாக்கு வறண்டு கெடக்கு."

மந்திரி தன் வீட்டுப் பானைத் தண்ணீரைக் கொடுத்தனுப்பிவிட்டு யோசித்தார்.

கரிசல்கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. குளத்திலிருந்து மொண்டு வந்த செம்புத் தண்ணீரைக் கையில் வாங்கிய பிறகுதான் ராஜா இலையில் கை வைக்கலாம். பட்டம் கட்டும்போது செய்த சத்தியம் அது. காவல் வந்த பிறகு, தளவாயின் ஆள் ஒருவன்தான் அந்தத் தண்ணீரைக் கமுக்கமாக மொண்டு வந்துகொண்டிருந்தான். மந்திரி காவலர்களிடம் போனார். "ராஜா உத்தரவில் விலக்கு ஏதும் இல்லை. தளவாய் ஆளையும் விடாதீர்கள்."

மறுநாள் ராஜா இலைமுன் உட்கார்ந்தார். சோறு ஆறியது. குழம்பில் ஆடை படிந்தது.

"தண்ணீர் எங்கே?"

"கார்டில் பத்திரமாக இருக்கிறது, மகாராஜா" என்றார் மந்திரி.

"எனக்குப் பசிக்கிறதய்யா. யாருக்காகப் போட்ட காவல் அது?"

"குளத்துக்காக. அதற்குத் தாகம் எடுப்பதில்லை. தாகம் எடுப்பவர்கள் வெளியே நிற்கிறார்கள்."

ராஜா கோபத்தோடு எழுந்து, மந்திரியும் தளவாயும் பின்தொடர, குளத்துக்கே நடந்தார். பின்கரையில் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. அது தளவாயின் வெற்றிலைக் கொடிக்காலில் போய் முடிந்தது. ஊரே காய்ந்து கிடக்க, அந்தக் கொடிக்கால் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது.

"இதற்குத்தானா உமக்கு இங்கிலீஷ்?" என்று தளவாயைக் கேட்டார் ராஜா. அவமானத்தில் அவர் முகம் சிவந்துவிட்டது.

அங்கேயே தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். ஈட்டிகள் விலகின. மழை பெய்கிறவரை தளவாயே கரையில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும் என்று உத்தரவானது.

"தளும்ப ஊத்துங்க, ராயரே. புள்ள காத்துக் கெடக்கு" என்று முதல் குடத்தை நீட்டினாள் இருளாயி. ராஜாவின் செம்பு அதற்குப் பிறகுதான் நிரம்பியது.

அடுத்த முறை வந்த துரை, கரையில் ஈர வேட்டியோடு நின்ற தளவாயைக் காட்டி, யார் அது என்று கேட்டான்.

"கார்டு" என்றார் ராஜா.