பால்கனியில் ஒரு செம்பு வளையம்

சென்னியப்பனிடம் பெயரைக் கேட்டால் உண்மையைச் சொல்வார். ஊரைக் கேட்டாலும் சொல்வார். அதற்கு மேல் என்ன கேட்டாலும் கேட்டவர் பாடுதான். கோயம்புத்தூரில் பம்புசெட் விற்ற காலத்தில் அந்த வாய்தான் சோறு போட்டது. கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஃப்ளாட்டில் வந்து உட்கார்ந்த பிறகு, விற்க ஒன்றும் இல்லாமல் வாய் மட்டும் மிச்சமாக இருந்தது. அதற்குத் தீனியாக வந்து சேர்ந்தது, வீட்டில் உட்கார்ந்தபடியே ஊர் உலகத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோ. முறையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டார். அதை மட்டும் அவர் மனைவி ருக்குமணியே ஒப்புக்கொள்வாள்.

ரேடியோ மேசைமேல் அடங்கிவிட்டது. ஏரியல்தான் அடங்க மறுத்தது. தோட்டம் வைத்திருக்கிறவன் இரண்டு மரத்துக்கு நடுவே நீளமாகக் கம்பி கட்டிவிட்டுப் போவான். இவருக்கு வாய்த்ததோ, துணி காயப்போட்டால் ஆள் நிற்க முடியாத பால்கனி. மொட்டை மாடியில் கட்ட அசோசியேஷன் விடவில்லை. கம்பியைப் பால்கனிக் கம்பிகளில் சுற்றிப் பார்த்தார். துணிக்கொடியையே ஏரியலாக்கிப் பார்த்தார். கடைசியில் ஏசி மெக்கானிக்கிடம் செம்புக் குழாய் வாங்கி, அண்டா வாய் அகலத்துக்கு வட்டமாக வளைத்து, பிளாஸ்டிக் பைப்பில் நிறுத்தினார். இடமில்லாதவனுக்கு வளையம்தான் கதி என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம்.

அந்த வளையத்தைக் கழற்றச் சொல்லி இப்போது புகார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் கூட்டம், கை தூக்கி முடிவு.

வளையம் போனால் ரேடியோ போகும். ரேடியோ போனால் மனுஷன் சமையலறைக்கு வருவார். ரேடியோ வருவதற்கு முன்னால் அந்தக் கொடுமையை ருக்குமணி அனுபவித்திருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கடுகு இன்னும் பொரியவில்லை, ரசத்துக்குத் தக்காளி பத்தாது என்று ஓயாத யோசனை. அந்தச் செம்பு வளையம்தான் அவளைக் காப்பாற்றிய சாமி. அதனால் கூட்டத்துக்குக் கிளம்பும்போதே கண்டிஷன் போட்டாள்.

"இதபாருங்க, இது சின்ன சாமான், ஒருத்தருக்கும் தொந்தரவு இல்லீங்கன்னு சொல்லீட்டு உக்காந்துக்கோணும். அதுக்கு மேல வாயத் தொறந்தீங்கன்னா, வளையமும் போயிரும், நானும் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்."

"நான் என்னைக்கு அதிகமாப் பேசியிருக்கறேன்?" என்றார் சென்னியப்பன். அன்றைய பொய்க் கணக்கு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

வளையத்தின் உண்மையான பராக்கிரமம் ருக்குமணிக்குத் தெரியும். இதுவரை அது எட்டிய தூரம், டவுன் பஸ்ஸில் போய் வருகிற போத்தனூர். அங்கே ஞானசேகரன் என்று இன்னொரு ஹாம். அவருக்கும் சும்மா எட்டாது. இவர் முதலில் போன் போட்டு, "இப்பக் கூப்பிடப் போறேன், கேக்குதான்னு பாருங்க" என்பார். பிறகு ரேடியோவில் கூப்பிடுவார். பிறகு அவர் போனில் கூப்பிட்டு, கேட்டதா இல்லையா என்று சொல்வார். இரண்டு வீட்டிலும் இதுதான் வழக்கம்.

கூட்டத்தில் செகரெட்டரி அர்த்தநாரி பேச்சைத் தொடங்கி வைத்தார். "சார், உங்க வளையத்துனால மத்தவங்களுக்குத் தொல்லைன்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

சென்னியப்பன் எழுந்தார். "இது சின்ன சாமானுங்க. ஒருத்தருக்கும் தொந்தரவு இல்லீங்க." உட்காரவும் குனிந்துவிட்டார். ருக்குமணிக்கு மூச்சு வந்தது.

பின்வரிசையில் முதல் மாடி காதர் பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னார். "இத்தனூண்டு வளையத்துல என்ன எடுக்கப் போகுது, பாவம்."

குனிந்த மனுஷன் நிமிர்ந்துவிட்டார்.

"காதர் பாய், நீங்க வளையத்தை உடுங்க. மொதல்ல நான் கட்டுனது அறுவத்தாறு அடிக் கம்பி. பால்கனி ஒம்பதடி. என்ன பண்றது? முறுக்குப் புழியற மாதிரி சுத்திச் சுத்திக் கட்டீட்டேன். கொழும்புல ஒருத்தரைக் கூப்பிட்டேன். கம்பி வளைஞ்சிருக்குதுங்களா, சத்தமும் வளைஞ்சு போயி ஆப்பிரிக்காவுல எறங்கிருச்சு. அந்த ஊர்க்காரன் எம் பேச்சைக் கேக்கறதுக்குத் தலையச் சாச்சவன், ஒரு வாரம் கழுத்துச் சுளுக்கோட கெடந்தான்."

கூட்டம் சிரித்தது. ருக்குமணி அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகு சென்னியப்பனை இழுக்க லாரி வேண்டும்.

"அப்பறம் துணிக்கொடி. காஞ்ச கொடின்னா பாலக்காட்டோட சரி. ஈர வேட்டி ஒண்ணு போட்டா மலேசியா. பெட்ஷீட்டு போட்டா ஜப்பான். ஒரு நாள் இவ பட்டுச்சேலையைக் காயப் போட்டுட்டா. ஜப்பான்காரன் கேக்கறான், 'சார், இன்னைக்கு உங்க குரல்ல ஜரிகை மின்னுதே, வீட்டுல விசேஷமா?'ன்னு."

"பட்டுச்சேலைய எவ வீட்டுல தண்ணியில நனைப்பா?" என்றாள் ருக்குமணி. யார் காதிலும் விழவில்லை.

நான்காம் மாடி ஜெசிந்தா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டுத் திருத்துகிற முகத்தோடு கேட்டார். "அப்படின்னா எங்க வீட்டு டிவியில சாயந்தரமானா கோடு கோடா வருதே, அது உங்க வேலைதானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீச்சர் வீட்டு டிவி, ரேடியோ வருவதற்கு முன்னாலிருந்தே கோடு போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் இத்தனை பேர் நடுவில் வலிய வந்து மாலை போடும்போது கழுத்தைத் திருப்பிக்கொள்ள அவருக்குத் தெரியாது.

"பின்ன? நம்ம பவருக்கு உங்க டிவி தாங்கறதே பெருசுங்க டீச்சர்."

"லிப்ட் மூணாவது மாடியில நின்னு நின்னு போகுதே?" என்றார் அர்த்தநாரி.

"அது தெரியாதுங்களா? லிப்ட் கயித்துலதான் கொஞ்ச நாள் ஏரியலை முடிஞ்சு உட்டிருந்தேன். மேல போகப் போக நீளம் மாறும். ரெண்டாவது மாடியில கென்யா, நாலாவது மாடியில சிலி. ஒருக்கா பசிபிக் கடல்ல ஒரு கப்பல் கேப்டனோட பேசீட்டு இருக்கறேன், யாரோ கீழ பட்டனை அமுத்தீட்டாங்க. லிப்ட் எறங்குச்சு. கூடவே அங்க கப்பலும் நாலடி எறங்கீருச்சு. அந்த மனுஷன் கத்துன கத்துல நானே படியேறி ஓடி, லிப்டை மேல தூக்கி நிறுத்துனேன்."

"போர்வெல்லுல தண்ணி கொறைஞ்சது?" என்று ஒரு குரல்.

"வளையத்தோட இழுப்புங்க அது. தண்ணி என்ன, போன வாரம் ஒரு காக்கா வளையத்துக்குள்ள பூந்துச்சு. இந்தப் பக்கம் பூந்தது அந்தப் பக்கம் வரலை. சித்த நேரத்துல நியூசிலாந்துல இருந்து ஒருத்தர் கூப்பிடறார். 'சார், உங்க காக்கா இங்க வந்துருச்சு. சோறு வச்சா திங்க மாட்டேங்குது, திருப்பி அனுப்பட்டுமா?'"

இந்தத் தடவை பாதிக் கூட்டம்தான் சிரித்தது. மீதிப் பேர் மனசுக்குள் தங்கள் வீட்டுக் கோளாறுகளை ஒவ்வொன்றாக எடுத்து வளையத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். "சாரே ஒத்துக்கிட்டாரு. கழட்டணும்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழும்புவதைப் பார்த்த ருக்குமணியின் கண் முன்னால் சமையலறை ஸ்டூல் வந்து நின்றது. எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க, இவரு சொல்றது அத்தனையும் புளுகு. அந்த வளையம் போத்தனூரைத் தாண்டுனதில்லை. போத்தனூருக்கே போன் பண்ணிச் சொன்னாத்தான் கேக்கும்."

சென்னியப்பன் திரும்பி அவளைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், வளையம் பிழைத்துவிடும். காதர் பாய் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"போத்தனூரா?" என்றார். "இப்பவே மேல போறேன். எந்த நாடு வேணும்னு சொல்லுங்க."

"போத்தனூரே போதும் சார்" என்றார் அர்த்தநாரி. "எட்டுச்சுன்னா கழட்டீரலாம். எட்டலைன்னா அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

சென்னியப்பன் விறுவிறுவென்று படியேறினார். பார்க்கிங்கில் அத்தனை பேரும் மேலே பால்கனியையே பார்த்தார்கள். அவர் வளையத்தைத் திருகுவதும், ஹெட்போனைப் போடுவதும் தெரிந்தது. மைக்கில் கத்துவது கீழே வரைக்கும் வெறும் காதிலேயே கேட்டது. புருஷன் தோற்க வேண்டும் என்று ருக்குமணி ஈச்சனாரிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டாள். தேங்காய் உடைப்பதாகவும் நேர்ந்துகொண்டாள்.

அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, போத்தனூர் ஞானசேகரன் பேசறேனுங்க. சார் போனை எடுக்க மாட்டேங்கறாரு. ரேடியோவுல கூப்பிடப் போறேன்னு சொன்னாரே, இன்னும் ஆரம்பிக்கலீங்களா?"

பார்க்கிங்கே அதிர்ந்தது. ஜெசிந்தா டீச்சர்கூடச் சிரித்துவிட்டார். வளையம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லாக் கைகளும் எழும்பின. டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுவது என்றும், லிப்ட் கம்பெனிக்கு எழுதுவது என்றும் முடிவாயிற்று.

சென்னியப்பன் இறங்கி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. ருக்குமணி மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வேர்த்துப்போன அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. ஊர் முன்னால் கட்டின புருஷனைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று மனசு உறுத்தியது.

"போத்தனூருக்குக் கேக்கலையாம்" என்றாள், கொஞ்சம் தணிந்த குரலில்.

சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். மேலே வளையத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"எப்படிக் கேக்கும்? கோவத்துல கொஞ்சம் அழுத்திக் கூப்பிட்டுட்டேன். சத்தம் போத்தனூரைத் தாண்டிப் போயிருச்சு. இந்நேரம் பிரேசில்ல எறங்கியிருக்கும்."

"சரி" என்றாள் ருக்குமணி. "அது திரும்பி வர்றதுக்குள்ள வந்து சாப்பிடுங்க."