பச்சைக் கடலுக்கு ஏங்கிய சாளை

கோடைக் கடல் அசையாமல் கிடந்தது. மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர். இரண்டும் கலக்கவே இல்லை. பாசிக்கு வேண்டிய சத்தெல்லாம் அடியிலேயே தங்கிவிட்டது.

மினுக்கி என்ற சாளை மீன் சினை வயிற்றோடு வாயைத் திறந்து திறந்து நீந்தியது. சாளைகள் தண்ணீரில் மிதக்கும் பாசியை வடிகட்டித்தான் சாப்பிடும். வடிகட்ட என்ன இருக்கிறது? வெறும் தண்ணீர்! பசியில் கூட்டம் சிதறி, அதுவும் தங்கை செல்லியும்தான் மிச்சம். போன வருஷம் பாசி பெருகிப் பச்சையாகக் கிடந்த கடலை நினைத்து நினைத்து மினுக்கி ஏங்கியது.

"பச்சை இல்லாத கடல்ல முட்டையிட்டா என் குஞ்சுங்க எதைத் தின்னும் செல்லி?"

"காத்து வரட்டும் அக்கா! கடலைக் கலக்கினா பச்சை வந்துடும்!"

காற்று வந்தது. சும்மா வரவில்லை, கடலையே புரட்டிப் போட்டது. அடிக்கடலின் குளிர் மேலே ஏறியது. பச்சை மட்டும் வரவில்லை!

அப்போது சாளைகளைத் தின்னும் சீலா மீன் ஒன்று பல்லை மறைத்துக்கொண்டு வந்தது. "அடடா, பாவம்! பாசியெல்லாம் கீழ போயிடுச்சு. வாங்க, காட்டுறேன்!"

அது சொன்னதில் பாதி உண்மை. அதுதான் ஆபத்து. செல்லி உடனே கீழே திரும்பியது. ஒரு சாளை திரும்பினால் பக்கத்துச் சாளையும் திரும்பும், அது பிறவிப் பழக்கம். மினுக்கியும் திரும்பிய நேரத்தில் ஒரு பாசித் துகள் அதன் வாயில் சிக்கியது.

"விழுங்கிடாதே அக்கா!" என்று துகள் கத்தியது. "இப்பதான் வயிறாரச் சத்து கிடைச்சிருக்கு. ஆனா வெயில் பக்கம் போனாலே காத்து என்னை இருட்டுக்குள்ள இழுத்துடுது! காத்து அடங்கட்டும். மேலேயே நின்னு ஒண்ணு ரெண்டாவேன், ரெண்டு நாலாவேன்!"

பசி உயிரை வாங்கியது. ஆனாலும் மினுக்கி அதைத் துப்பியது.

"செல்லி, திரும்பி வாடி! பச்சை மேலதான் வரும்!"

"இனிமே என்னால பசி தாங்க முடியாதுக்கா!" என்று கீழிருந்து குரல் வந்தது. அப்புறம் குரலே வரவில்லை.

சில நாளில் காற்று அடங்கியது. வெயில் விழுந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் கடல் பச்சையானது! மினுக்கி ஆசை தீர முட்டையிட்டது. வாய் நிறையப் பாசியோடு, பழக்கத்தில் தங்கை பக்கம் திரும்பியது. அங்கே பச்சைத் தண்ணீர்தான் இருந்தது.

ஏங்கிக் கிடக்கும் நாளைவிட, ஏங்கியது வந்து சேரப் போகும் நாளில்தான் நமக்கு அதிகப் பொறுமை வேண்டும்.