பெஞ்சை விட்டு எழாத சிறுமி

“வீட்டுல இருந்தா என்னால எழுத முடியாதுங்க, டீச்சர்” என்றார் நல்லசிவம்.

சாரதாமணி டீச்சர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஈரோட்டில் கதை எழுதுகிற பலருக்கு அவர்தான் ஆசான். நல்லசிவத்தை விட வயதில் இளையவர். ஆனாலும் நல்லசிவம் எதை எழுதினாலும் முதலில் இங்கேதான் கொண்டுவருவார்.

“நாவல் எங்க நிக்குது?”

“பன்னெண்டு வயசுப் பொண்ணு ஒண்ணு. வகுப்புல, பெஞ்சுல உட்கார வச்சேன். அப்புறம் எந்திரிக்க மாட்டேங்குது. பேசவும் மாட்டேங்குது. ரெண்டு மாசமா அப்படியே உட்கார்ந்திருக்குது.”

“அதுக்கு வீடு என்ன பண்ணுச்சு?”

“காலையில பால். அப்புறம் கரண்ட் பில், ஆபீஸ். சாயங்காலம் வந்து உட்கார்ந்தா எம் மக மிதுனா பாட்டிலைத் தூக்கிப் போட்டுக்கிட்டே இருக்குது.”

“எந்தப் பாட்டில்?”

“தண்ணி பாட்டிலுங்க. கொஞ்சம் தண்ணி வச்சு மேல சுழட்டிப் போடணும். நேரா வந்து நிக்கணும். அவங்க ஸ்கூல்ல எல்லாப் புள்ளைங்களுக்கும் இப்ப அதுதான் பைத்தியம். பொழுதன்னிக்கும் டொக்கு, டொக்குன்னு.”

“சரி. என்ன பண்றதா இருக்கீங்க?”

“ஏற்காட்டுல ஒரு வீடு பார்த்திருக்கேன். ஆறு மாசம் லீவு போட்டுட்டுத் தனியாப் போயிடறேன்.”

“வீட்டுல ஹேமலதா என்ன சொன்னாங்க?”

“சரின்னு சொல்லிருச்சு.”

“அவ்வளவுதானா?”

“அதுக்கு மேல நானும் கேட்கலைங்க.”

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். அன்னைக்கு வீட்டுச் சத்தத்தை நான் பார்த்துக்கறேன். நீங்க கதவைச் சாத்திக்கிட்டு எழுதுங்க. எழுத வரலைன்னா நானே உங்களை ஏற்காட்டுக்கு பஸ் ஏத்திவிடறேன்.”

ஞாயிற்றுக்கிழமை நல்லசிவம் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிறுமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

வெளியே, டொக்.

கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி டொக். பிறகு மூன்று குரல்களில் ஒரே சமயத்தில் “ஐயையோ!”

கதவைத் திறந்தார். டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். கையில் மிதுனாவின் பாட்டில். தரையெல்லாம் தண்ணீர். ஹேமலதா சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், சத்தத்தைப் பார்த்துக்கறேன்னீங்க.”

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். மூடி கழண்டுருச்சு. நீங்க போய் எழுதுங்க.”

போய் உட்கார்ந்தார். ஒரு வரி எழுதினார். அடித்தார்.

அவர் எட்டாவது படிக்கும்போது பையன்கள் எல்லாரும் சட்டையில் ஒரு கையை மட்டும் மடித்துவிட்டுக்கொண்டு திரிந்தது நினைவுக்கு வந்தது. இன்னொரு கையையும் மடித்துவிட்டு வந்தவனோடு ஒரு வாரம் யாரும் பேசவில்லை. சிரிப்பு வந்தது. நாவலில் அது இல்லை என்று அந்த நினைப்பை விரட்டினார்.

“அம்மா, உங்க ஸ்கூல்ல என்ன பைத்தியம்?” வெளியே மிதுனாவின் குரல்.

“எங்க கிளாஸ்ல மூக்குக்கண்ணாடி” என்றாள் ஹேமலதா.

நல்லசிவத்தின் பேனா நின்றது.

“ஆறாவதுல ஒருத்தி ரோஸ் கலர் பிரேம் போட்டுட்டு வந்தா. அடுத்த வாரமே பாதி கிளாஸுக்குத் தலைவலி. போர்டு தெரியலைன்னு ஒரே அழுகை. நானும் அழுதேன்.”

“உனக்கு நிஜமாவே தெரியலையா?”

“போர்டுல ஊர்ற எறும்பு கூடத் தெரிஞ்சுது.”

நல்லசிவம் எழுந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

“டாக்டர் சிரிச்சுக்கிட்டே பவர் இல்லாத வெறும் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார். எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் போட்டிருந்தேன். உங்கப்பா பொண்ணு பார்க்க வர்றாருன்னதும் கழட்டி பீரோவுல வச்சேன்.”

“ஏன்?” என்று கேட்டது டீச்சர்.

“மாப்பிள்ளை கதை எழுதறவருன்னு சொன்னாங்க, டீச்சர். பார்த்த உடனே கண்டுபிடிச்சிருவாருன்னு பயம்.”

மிதுனா தரையில் விழுந்து சிரித்தாள்.

நல்லசிவம் கதவை முழுதாகத் திறந்துகொண்டு வந்தார்.

“இத்தனை வருஷத்துல எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே?”

ஹேமலதா திரும்பிப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. “நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்க” என்றாள்.

நல்லசிவம் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு சட்டென்று முகம் மலர்ந்தது. அறைப் பக்கம் ஓடினார்.

“எங்க போறீங்க?” என்றார் டீச்சர்.

“அந்தப் பொண்ணு எந்திரிச்சிருச்சுங்க, டீச்சர்! இப்பவே எழுதிடறேன்.”

“எழுதுங்க. ஆனா இவங்க இன்னும் சொல்லி முடிக்கலையே.”

நல்லசிவம் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே மேசையைப் பார்த்தார். இந்தப் பக்கம் மனைவியைப் பார்த்தார்.

திரும்பி வந்து மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“அப்புறம்?” என்றார்.